ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்

திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்று ஏளனமாக வழங்கும் பழமொழியை இதனோடு இயைத்துக் கூறுவர். புராணத்திலோ ஏளனம் இல்லை, இட்டது கிடைத்தது. ஆயினும், எடுத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது முதலில் மாற்றுக் குறைந்திருந்தது. ஊதியப் பணியை நடுவழியில் விடுத்து வேறோரிடத்தில் வாழ்வைத் தேடியவர்க்கு இவ்விடம் நன்கு விளங்கும்.

அவ்வாறு தேடியவருள் தமிழுலகம் மறக்கவொண்ணாதவர் மறைமலையடிகள். இன்று பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற இவ்வூரின் முதுகுன்றம் என்னும் பெயர் வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. நாகையில் 1876இல் பிறந்த வேதாசலமோ எதிர்த்திசையில் நடந்து மறைமலை ஆனார். ஊர் இழந்ததை ஆள் மீட்டார் எனலாம்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் அடிகள். பரிதிமாற் கலைஞர் உடனிருந்த காலம் அது. முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும் சாகுந்தல மொழிபெயர்ப்பும் கல்லூரிப் பணிக்கிடையே எழுந்தவையே. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாது போன சூழலில், 1911இல், முப்பத்தைந்து வயது நிறையுமுன் பணியினின்று விலகினார். குடும்பம் பெரிது, சேமிப்புச் சிறிது. பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டே துறவும் பூண்டார். மனைவி மக்களோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்த துறவு! இதனைப் பழித்தோர் உண்டு. அவர் துறந்தது இல்லத்தையன்று, பிறர் வகுத்த கால அட்டவணையை என்று கொள்வதே பொருந்தும்.

மாற்றுக் குறைவு உடனே தெரிந்தது. ‘ஞானசாகரம்’ இதழ் குறித்த காலத்தில் வெளிவர இயலவில்லை. சொற்பொழிவும் நூல் விற்பனையுமே வருவாய். அதன்பொருட்டும் ஊரூராகச் சென்றார், இலங்கைக்கும் போய்வந்தார். பணியை விட்டதும் இன்பம் தானே வந்து சேரும் என்று எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

இன்பமும் வந்தது, எதிர்பாராத வழியில் வந்தது. 1916இல் ஒருநாள், மகள் நீலாம்பிகையோடு தோட்டத்தில் உலவியவாறு வள்ளலார் பாட்டொன்றைப் பாடினார். அதில் வரும் ‘தேகம்’ என்னும் வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் ஓசையும் சிறந்திருக்குமே என்றார். மகள் அதனைப் பற்றிக்கொண்டார். தனித்தமிழ் இயக்கம் அவ்வுரையாடலில் முளைத்ததென்பர். வகுப்பறைக்கு விரையவேண்டிய கடப்பாடு இருந்திருப்பின் அச்சொல்லின் அருகே தந்தையும் மகளும் அவ்வளவு நேரம் நின்றிருப்பரோ? கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது இது. ஒரு சொல்லை எடுத்து ஒரு சொல்லை வைத்துப் பார்க்கும் ஓய்வு, ஒரு மொழியின் போக்கையே தொட்டது. நீலாம்பிகையாரும் பின்னர் வடசொல் தமிழ் அகரவரிசை தொகுத்து அவ்வழியே சென்றார்.

அதன்பின் நூல்கள் பெருகின. 1930இல் வெளிவந்த ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ அவர் உழைப்பின் அளவைக் காட்டும். அதன் காலமுடிவு இன்றும் வாதத்துக்குரியதே. 1933இல் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ எழுதினார். ஆசிரியர் வாழ்ந்ததோ எழுபத்துநான்கு ஆண்டு. உணவு, உறக்கம், உலாவல் என ஒவ்வொன்றுக்கும் அவர் வகுத்த ஒழுங்கைக் காணும்போது, பணிமணியை விட்டவர் தமக்கெனக் கடுமையான வேறொரு மணியைக் கட்டிக்கொண்டார் என்றே தோன்றும். 1898இல் தொடங்கிய நாட்குறிப்பும் இறுதியாண்டு வரை தொடர்ந்தது.

கல்லூரியில் கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள்; விலகியபின் வாழ்ந்தவை முப்பத்தொன்பது, சரியாக மும்மடங்கு. 1950 செப்டம்பர் 15இல் அடிகள் மறைந்தார். பல்லாவரத்து இல்லத்தில் அவர் ஒவ்வொன்றாய்ச் சேர்த்த ஏறத்தாழ 4,000 நூல்கள், அவர் விருப்பப்படியே பொதுமக்களுக்கு உரியவாயின. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் அவற்றைக் கொண்டு சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது.