தொலை வரைகலைப் பணிநிலையம்

தொலை வரைகலைப் பணிநிலையம் என்பது முப்பரிமாண வடிவமைப்பு, உருவகப்படுத்தல் போன்ற வரைகலைச் சுமை மிகுந்த பொறியியல் மென்பொருள்களைத் தொலைவில் உள்ள திறன்மிகு கணினி ஒன்றில் இயக்கி, அதன் திரைக்காட்சியை மட்டும் வலையமைப்பு வழியாகப் பயனரிடம் சேர்க்கும் முறை ஆகும். படம் வரையும் வேலை முழுவதும் வழங்கியிலுள்ள வரைகலை அட்டையில் நடைபெறுகிறது. பயனரின் கணினி வந்துசேரும் படத்தைக் காட்டுகிறது. சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றின் உள்ளீடுகளைத் திருப்பி அனுப்புகிறது. காட்டியா, சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், பராவியூ முதலிய மென்பொருள்கள் இம்முறையில் இயக்கப்படுகின்றன.

எழுத்தும் அட்டவணையும் கொண்ட அலுவலக மென்பொருள்களுக்குச் சாதாரணத் தொலை மேசைத்தளமே போதுமானது. ஆனால், ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒரு பொறியின் மாதிரியைச் சுழற்றும்போது திரையின் பெரும்பகுதி ஒவ்வொரு நொடியும் பலமுறை மாறுகிறது. அப்போது படம் எந்தக் கணினியில் வரையப்படுகிறது, எவ்வாறு சுருக்கப்படுகிறது, எவ்வளவு தாமதமாக வந்துசேர்கிறது என்னும் மூன்றுமே இம்முறையின் பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன.

தேவை

பொறியியல் பகுப்பாய்வின் வெளியீட்டுக் கோப்புகள் பெரும்பாலும் மிகப் பெரியவை. அவற்றை ஒவ்வொரு பயனரின் கணினிக்கும் நகலெடுப்பதைவிட, கோப்புகள் இருக்கும் இடத்திலேயே படத்தை வரைந்து அனுப்புவது எளிது. மேலும், வடிவமைப்புக் கோப்புகள் நிறுவனத்தின் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. விலை மிகுந்த வரைகலை அட்டைகளைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றின்போது பொறியாளர்கள் பலர் வீட்டிலிருந்து பணியாற்ற நேர்ந்ததால் இம்முறை பரவலானது.

வரலாறு

1984ஆம் ஆண்டில் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை, ஒரு கணினியில் இயங்கும் நிரலின் சாளரத்தை வேறொரு கணினியில் காட்ட வழிசெய்தது. 1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓப்பன்ஜிஎல் என்னும் முப்பரிமாண வரைகலை இடைமுகத்தை வெளியிட்டது. இதனை எக்ஸ் முறைமையுடன் இணைக்கும் ஜிஎல்எக்ஸ் நீட்சி, வரைதல் கட்டளைகளையே வலையமைப்பு வழியாக அனுப்பியது. இதனால் மாதிரியின் வடிவத் தரவுகள் வலையமைப்பைக் கடக்க வேண்டியிருந்தது. படமும் பயனரின் திறன் குறைந்த கணினியிலேயே வரையப்பட்டது. மாதிரிகள் பெரிதானபோது இவ்வழி பயனற்றதாயிற்று. 2015இல் வெளியான எக்ஸ்.ஆர்க் வழங்கியின் 1.17ஆம் பதிப்பில் இவ்வசதி இயல்பாகவே முடக்கப்பட்டது.

1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் விஎன்சி உருவாக்கப்பட்டது. இது கட்டளைகளுக்குப் பதிலாகப் படப்புள்ளிகளை அனுப்பியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தொலை மேசைத்தள நெறிமுறையான ஆர்டிபி, விண்டோஸ் என்டி 4.0 இன் முனைய வழங்கிப் பதிப்புடன் 1998இல் வெளிவந்தது. எனினும் நீண்ட காலம் இவை இரண்டும் வரைகலை அட்டையைப் பயன்படுத்தவில்லை. ஆர்டிபி அமர்வில் ஓப்பன்ஜிஎல் மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் 1.1ஆம் பதிப்பின் மென்பொருள்வழி வரைதல் மட்டுமே கிடைத்தது.

இக்குறையை லினக்ஸ், யுனிக்ஸ் தளங்களில் தீர்த்தது விர்ச்சுவல்ஜிஎல் என்னும் திறந்த மூல மென்பொருள் ஆகும். பிற்காலத்தில் பரவிய பிற நெறிமுறைகளுள் கனடாவின் டெராடிசி நிறுவனம் உருவாக்கிய பிசிஓஐபி, இத்தாலியின் நைஸ் நிறுவனம் வளர்த்த டிசிவி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. நைஸ் நிறுவனத்தை 2016இல் அமேசானும், டெராடிசியை 2021இல் எச்பியும் வாங்கின.

இயங்கும் முறை

விர்ச்சுவல்ஜிஎல் செயற்படும் விதம் இத்தொழில்நுட்பத்தின் அடிப்படையை விளக்குகிறது. பொறியியல் மென்பொருள் விடுக்கும் ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை அது இடைமறிக்கிறது. அவற்றை வழங்கியின் வரைகலை அட்டைக்குத் திருப்பி, திரையில் தோன்றாத ஒரு நினைவகப் பகுதியில் படத்தை வரையச் செய்கிறது. முடிந்த படத்தை அங்கிருந்து படித்து, சுருக்கிப் பயனருக்கு அனுப்புகிறது. மூல மென்பொருளில் எந்த மாற்றமும் தேவைப்படுவதில்லை. 2021இல் வெளியான 3.0ஆம் பதிப்பு முதல், வழங்கியில் தனியாக ஓர் எக்ஸ் வழங்கியை வரைதலுக்கென இயக்காமலும் இதனைப் பயன்படுத்தலாம்.

சுருக்கமும் துல்லியமும்

1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையை, ஒரு புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 30 முறை சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 1.5 ஜிகாபிட் தேவைப்படும். ஆகவே சுருக்கம் தவிர்க்க முடியாதது. இதற்கு ஜேபெக் போன்ற படச் சுருக்கமோ எச்.264 போன்ற நிகழ்படச் சுருக்கமோ பயன்படுகிறது.

நிகழ்படச் சுருக்கத்தில் வழக்கமாகக் கையாளப்படும் 4:2:0 முறை, ஒளிர்வை முழுமையாக வைத்துக்கொண்டு, நான்கு படப்புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே வண்ணத் தகவலைச் சேமிக்கிறது. திரைப்படத்தில் இக்குறை கண்ணுக்குப் புலப்படாது. கரும் பின்னணியில் வரையப்பட்ட ஒரு படப்புள்ளி அகலமுள்ள சிவப்பு அல்லது நீலக் கோடு மங்கிவிடும். அருகருகே உள்ள அளவுக் கோடுகளைப் பிரித்தறிவது கடினமாகும். தகைவுப் பரவலைக் காட்டும் வண்ணப் படங்களில் வண்ணமே அளவைக் குறிப்பதால், எல்லைகள் கலங்குவது படத்தைப் படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

எனவே பொறியியல் பணிக்கு வண்ணத்தை முழுமையாக வைத்திருக்கும் 4:4:4 முறை பரிந்துரைக்கப்படுகிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் சர்வர் 2016 ஆகியவற்றில் ஆர்டிபிக்கு இவ்வசதி சேர்க்கப்பட்டது. படம் அசையும்போது சுருக்கியும், அசைவு நின்றதும் இழப்பற்ற படத்தை அனுப்பியும் செயற்படும் வசதி டர்போவிஎன்சி, பிசிஓஐபி ஆகியவற்றில் உண்டு.

தாமதம்

பட்டையகலத்தைக் கூட்டலாம், தொலைவைக் குறைக்க இயலாது. கண்ணாடி இழையில் ஒளி மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்கிறது. 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வழங்கிக்குச் சென்று திரும்பவே குறைந்தது 50 மில்லி நொடி ஆகும். சுற்றுத் தாமதம் 200 மில்லி நொடியாக இருந்தால், நொடிக்கு 30 படங்கள் என்னும் வேகத்தில், பயனர் காணும் காட்சி அவர் கையசைவுக்கு ஆறு படங்கள் பின்தங்கியிருக்கும். மாதிரியைச் சுழற்றுபவர் வேண்டிய கோணத்தைத் தாண்டிச் சென்று மீண்டும் திரும்ப நேரிடும். ஆதலால், வழங்கியின் திறனைவிட அது அமைந்துள்ள இடமே சில வேளைகளில் முதன்மை பெறுகிறது. பொட்டலங்கள் தொலைந்துபோகும் இணைப்புகளில் யுடிபி வழிப் பரிமாற்றம் பயன் தரும். ஆர்டிபியில் இது 2012இல் வெளியான 8.0ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

அமைக்கும் முறை

விண்டோஸ்

வழங்கியாகச் செயற்படும் கணினியில் விண்டோஸின் புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருத்தல் வேண்டும். ஹோம் பதிப்பு தொலை மேசைத்தள வழங்கியாகச் செயற்படாது. வரைகலை அட்டையின் இயக்கி மென்பொருளை நிறுவியபின், குழுக் கொள்கைத் தொகுப்பியில் தொலை அமர்வுச் சூழலுக்குரிய பகுதியில் பின்வருவனவற்றை இயலச்செய்ய வேண்டும்:

1. எல்லாத் தொலை அமர்வுகளுக்கும் வன்பொருள் வரைகலை அட்டையைப் பயன்படுத்துதல்.
2. எச்.264 சுருக்கத்தின் 4:4:4 முறைக்கு முன்னுரிமை அளித்தல்.
3. அச்சுருக்கத்தை வன்பொருளிலேயே செய்தல்.

ஜிஃபோர்ஸ் வகை அட்டைகளில் ஆர்டிபி வழியாக ஓப்பன்ஜிஎல் வேகமூட்டலைப் பெற உதவும் கருவியை என்விடியா நிறுவனம் 2020இல் வெளியிட்டது.

லினக்ஸ்

வரைகலை அட்டையின் இயக்கி, விர்ச்சுவல்ஜிஎல், டர்போவிஎன்சி ஆகிய மூன்றும் வழங்கியில் நிறுவப்படுகின்றன. விர்ச்சுவல்ஜிஎல்லுடன் வரும் அமைவு நிரலை மேலாளர் உரிமையுடன் இயக்கி, வரைகலை அட்டையை அணுகத்தக்க பயனர் குழுவை வரையறுக்க வேண்டும். பின்னர் பயனர் விஎன்சி அமர்வைத் தொடங்கி, 'விஜிஎல்ரன்' என்னும் கட்டளையை முன்னிட்டுத் தமது மென்பொருளை இயக்குகிறார்.

சரிபார்த்தல்

வேகம் குறைவாக இருப்பின் முதலில் சோதிக்க வேண்டியது, படத்தை எது வரைகிறது என்பதே. லினக்ஸில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' நிரலை விஜிஎல்ரன் வழியாக இயக்கும்போது வரைவியின் பெயராக 'எல்எல்விஎம்பைப்' தோன்றினால், வரைகலை அட்டை பயன்படவில்லை என்றும் மையச் செயலியே படத்தை வரைகிறது என்றும் பொருள். விண்டோஸில் 'ஜிடிஐ ஜெனரிக்' என்னும் பெயர் இதையே குறிக்கும். இந்நிலையில் வலையமைப்பை மேம்படுத்துவதால் பயன் இல்லை.

பாதுகாப்பு

ஆர்டிபியின் 3389ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பது ஆபத்தானது. 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட புளூகீப் என்னும் பாதுகாப்புக் குறைபாடு, விண்டோஸ் 7, எக்ஸ்பி உள்ளிட்ட பழைய பதிப்புகளில் கடவுச்சொல் இன்றியே கணினியைக் கைப்பற்ற இடமளித்தது. மெய்நிகர் தனியார் வலையமைப்பு வழியாகவோ வாயில் வழங்கி வழியாகவோ மட்டும் அணுக்கம் அளிப்பதும், பல காரணி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும் நலம். விஎன்சி அமர்வுகளை எஸ்எஸ்எச் சுரங்க வழியில் மறையாக்கம் செய்து அனுப்புவது வழக்கம்.

வரைகலை அட்டையைப் பகிர்வதும் புதிய இடர்களைக் கொண்டுவரக்கூடும். மெய்நிகர் கணினிகளுக்கு வரைகலை அட்டையைப் பகிர்ந்தளித்த மைக்ரோசாப்டின் ரிமோட்எஃப்எக்ஸ் வசதி, பாதுகாப்புக் குறைபாடுகளால் 2020 சூலையில் முடக்கப்பட்டு, 2021இல் நீக்கப்பட்டது.

கோப்புகள் வெளியேறாமல் காப்பதே நோக்கமாயின், ஒட்டுப்பலகைப் பகிர்வையும் வட்டுப் பகிர்வையும் நிறுத்த வேண்டும். இவை திறந்திருந்தால் மாதிரி முழுவதையும் பயனரின் கணினிக்கு நகலெடுக்க இயலும்.

உரிமம்

பொறியியல் மென்பொருள்களின் உரிமங்கள் சில, தொலை அமர்வில் இயங்குவதை அனுமதிப்பதில்லை. குறிப்பாக, ஒரே கணினியுடன் பிணைக்கப்பட்ட உரிமங்கள் ஆர்டிபி அமர்வைக் கண்டறிந்து மென்பொருளைத் தொடங்க மறுக்கக்கூடும். விண்டோஸின் மேசைக்கணினிப் பதிப்புகள் பொதுவாக ஒரு வேளையில் ஒரு பயனருக்கே இடமளிக்கின்றன. பலர் பகிர்வதற்கு விண்டோஸ் சர்வரும் அதற்குரிய பயனர் உரிமங்களும் தேவை. வன்பொருள் வாங்குமுன் உரிம விதிகளைச் சரிபார்ப்பது பொருட்செலவைத் தவிர்க்கும்.

வரம்புகள்

- இணைப்பு துண்டிக்கப்பட்டால் பணி நிற்கும். எனினும் வழங்கியில் அமர்வு தொடர்வதால், மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.
- முப்பரிமாணச் சுட்டி போன்ற சிறப்புக் கருவிகளுக்கு யுஎஸ்பி திசைமாற்ற வசதி தேவைப்படும்.
- திரை இணைக்கப்படாத வழங்கிகளில், திரை இருப்பதாகக் காட்டும் சிறு செருகி சில மென்பொருள்களுக்குத் தேவைப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஓப்பன்ஜிஎல்
- எக்ஸ் சாளர முறைமை
- கணினிவழி வடிவமைப்பு
- மெய்நிகர் தனியார் வலையமைப்பு