ரேடியோ வால்வு யாருடையது? காப்புரிமைச் சண்டையின் முப்பது ஆண்டுகள் (1904–1934)

1916-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜூலியஸ் மேயர் ஒரு தீர்ப்பு எழுதினார். அமெரிக்க மார்க்கோனி கம்பெனி லீ டி ஃபாரஸ்ட் மீது தொடுத்த வழக்கு அது. டி ஃபாரஸ்ட் ‘ஆடியான்’ என்ற பெயரில் விற்றுவந்த மூன்று மின்முனை வால்வு, மார்க்கோனி கம்பெனி வசமிருந்த ஃபிளெமிங் காப்புரிமையை மீறுகிறது என்றது தீர்ப்பு. மூன்றாவது மின்முனை டி ஃபாரஸ்டுடையது. அதைத் தான் பயன்படுத்தியதும் மீறல்தான் என்பதை மார்க்கோனி கம்பெனி முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே டி ஃபாரஸ்டும் வால்வு செய்யக் கூடாது, மார்க்கோனி கம்பெனியும் செய்யக் கூடாது என்றாகிவிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

இந்த முட்டுக்கட்டையை நீதிமன்றத்தின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. வால்வு, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கி வளர்த்த கருவி. காப்புரிமைச் சட்டமோ ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு பெயரையும் ஒரு தேதியையும் கேட்டது. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை யார் புரிந்துகொண்டார் என்ற கேள்விக்கு அதில் அநேகமாக இடமில்லை. அன்றைய வழக்குகளை வரிசையாகப் படிக்கும்போது, தேதியிட்ட தாள் புரிதலைத் தோற்கடித்ததையும், எல்லாத் தாள்களையும் விலைக்கு வாங்கி வைத்திருந்த கம்பெனிகள் எந்தத் தரப்பு வென்றாலும் லாபம் கண்டதையும் காண்கிறோம். இந்தக் கட்டுரை அவ்விரண்டையும் பின்தொடர்கிறது.

கறுத்துப்போன விளக்கு

1880-களில் எடிசனின் கார்பன் இழை விளக்குகள் எரிய எரிய உட்புறம் கறுத்துக்கொண்டே வந்தன. காரணம் தேடிய எடிசன், குமிழுக்குள் இழையைத் தொடாதபடி தனியாக ஒரு தகட்டை வைத்துப் பார்த்தார். தகட்டை நேர்முனையோடு இணைத்தால் இடைவெளியைக் கடந்து மின்னோட்டம் பாய்ந்தது. எதிர்முனையோடு இணைத்தால் பாயவில்லை. 1883 நவம்பரில் விண்ணப்பித்து, 1884 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கருவி என்பதே அவர் அதற்குச் சொன்ன பயன். ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானை இனங்காண இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. நிகழ்வதன் காரணம் எடிசனுக்குத் தெரியாது. காப்புரிமை அலுவலகமும் அதைக் கேட்கவில்லை.

எடிசனின் லண்டன் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இந்த விளைவை விரிவாக ஆராய்ந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டே, 1899-இல் மார்க்கோனி கம்பெனியின் ஆலோசகராகவும் ஆனார். கம்பியில்லாத் தந்தியில் அன்று பெருந்தொல்லை கொடுத்தது, வந்து சேரும் மெல்லிய அலையை உணரும் கருவிதான். உலோகத் துருவல் நிரப்பிய கண்ணாடிக் குழாயைச் சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் பிறகு தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சமிக்ஞையை அது உணராது. இதே சிக்கலுக்குக் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாப் படிகத்தைக் கொண்டு விடை கண்டிருந்தார். அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1904 மார்ச் 29 அன்று. குறைக்கடத்திக் கருவிகளுக்கான காப்புரிமைகளில் மிகப் பழமையான ஒன்று அது. அதைப் பணமாக்க போஸ் முனையவில்லை என்பதால் நம் கதையில் அவர் வழக்காடுவோர் வரிசையில் இல்லை. அறிவியல் வரிசையில் அவருக்குரிய இடம் அதனால் குறைந்துவிடாது.

ஃபிளெமிங்குக்குக் காது மந்தம். ஒலியைக் கேட்டு அறிவதைவிட முள் அசைவதைக் கண்டு அறியும் கருவியே அவருக்கு வேண்டியிருந்தது. 1904 அக்டோபரில், முன்பு சோதனைக்குச் செய்து வைத்திருந்த தகடு பொருத்திய விளக்குகளில் ஒன்றை எடுத்து ரேடியோ அலையின் சுற்றில் இணைத்தார். கால்வனாமீட்டரின் முள் நகர்ந்தது. நவம்பர் 16 அன்று பிரிட்டிஷ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1905 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் வந்தது. உரிமை மார்க்கோனி கம்பெனிக்குப் போயிற்று.

இந்தக் காப்புரிமைக்கு நேர்ந்த கதியை இங்கேயே சொல்லிவிடலாம். ரேடியோ அதிர்வெண் மட்டுமன்றி எல்லா அதிர்வெண்களுக்கும் சேர்த்தே ஃபிளெமிங்கின் அமெரிக்க ஆவணம் உரிமை கோரியிருந்தது. குறைந்த அதிர்வெண்ணில் அந்த விளைவு எடிசன் காலம் தொட்டுத் தெரிந்ததே. மிகைக் கோரிக்கையைக் கம்பெனி 1915-இல் கைவிட்டது. அது காலம் கடந்த செயல், ஆகவே காப்புரிமையே செல்லாது என்று 1943 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குள் காப்புரிமை காலாவதியாகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நெளிந்த ஒரு கம்பி

டி ஃபாரஸ்ட் 1899-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். விடாமுயற்சி மிக்கவர், மற்றவர் கருவியைத் தன் போக்கில் மாற்றிப் பார்ப்பதில் தயக்கமே இல்லாதவர். 1906 இறுதியில் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக நெளித்த ஒரு கம்பியைப் பொருத்தினார். நியூயார்க்கில் மினியேச்சர் விளக்குகள் செய்துவந்த மக்காண்ட்லஸின் பட்டறை அவருக்குக் குமிழ்களை ஊதிக் கொடுத்தது. கையளவுகூட இல்லாத கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு பக்கம் இழை, மறு பக்கம் சிறு நிக்கல் தகடு, இடையில் அந்த நெளிகம்பி. கம்பிக்குக் கிரிட் என்று பெயர் வந்தது. கிரிட்டில் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் ஏற்பட்டாலும், இழையிலிருந்து தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். மதகுப் பலகையை விரலளவு அசைத்தால் வாய்க்கால் முழுதும் கூடிக் குறைவதைப் போல. 1907 ஜனவரி 29 அன்று விண்ணப்பம், 1908 பிப்ரவரி 18 அன்று காப்புரிமை.

செய்தவருக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை என்பது என் துணிபு. அவருடைய எழுத்துகளே இதற்குச் சான்று. குமிழுக்குள் மிஞ்சியிருக்கும் வாயுவின் அயனிகள்தான் வேலையைச் செய்கின்றன, ஆகவே வாயு இருந்தே ஆக வேண்டும் என்று அவர் நம்பினார். உண்மையில் அந்த வாயுதான் வால்வின் எதிரி. தகட்டு மின்னழுத்தத்தைக் கூட்டினால் குமிழுக்குள் நீல ஒளி படரும். அத்தோடு பெருக்கம் போய்விடும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இர்விங் லாங்மூரும், தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி.அண்ட்.டி. தரப்பில் ஹரால்டு ஆர்னால்டும் வாயுவை முடிந்தவரை வெளியேற்றிய பிறகே வால்வு நம்பத்தக்க கருவியாயிற்று.

1913 என்ற ஓர் ஆண்டே டி ஃபாரஸ்டின் நிலையைக் காட்டப் போதும். பங்குகளைப் பொய் சொல்லி விற்றதாக அவர்மீதும் அவர் கம்பெனிப் பொறுப்பாளர்கள்மீதும் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. ஆடியான் ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். கூட்டாளிகள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. டி ஃபாரஸ்ட் விடுதலையானார். அதே ஆண்டில் ஏ.டி.அண்ட்.டி. அந்த உதவாத பொருளின் தொலைபேசி உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியிருந்தது. 1915 ஜனவரியில் நியூயார்க்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்தில் பேச்சைத் தாங்கிச் சென்றவை, திருத்தி அமைக்கப்பட்ட அந்த வால்வுகள்.

இருபத்தைந்து சென்ட் முத்திரை

எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். யாங்கர்ஸ் நகரிலிருந்த வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வந்தவர். ஆடியானுக்குள் நடப்பது என்ன என்று அளந்து பார்க்க முதலில் துணிந்தவர்களில் அவர் ஒருவர். தகட்டுச் சுற்றில் பெருகி வரும் அலையின் ஒரு பகுதியைத் திரும்பக் கிரிட்டுக்கே கொடுத்தால் அது மீண்டும் பெருகும், மீண்டும் திரும்பும் என்று கண்டார். இந்தப் பின்னூட்டச் சுற்றால் எங்கோ தொலைவிலிருந்து வந்த மெல்லிய சமிக்ஞைகள் உரக்கக் கேட்டன. பின்னூட்டம் ஓர் அளவைத் தாண்டினால் வால்வு தானே அலைகளைப் பிறப்பிக்கத் தொடங்கும். ரேடியோ அலையை வாங்கும் கருவி, அனுப்பும் கருவியாகவும் மாறும். ஒலிபரப்பு நிலையங்கள் அனைத்துக்கும் அடித்தளம் அதுவே.

காப்புரிமைக் கட்டணத்துக்கு அப்பாவிடம் பணம் கேட்டார். படிப்பை முடி, பிறகு பார்க்கலாம் என்றார் அப்பா. 1913 ஜனவரி 31 அன்று ஆம்ஸ்ட்ராங் சுற்றின் வரைபடத்தை எடுத்துப்போய், 25 சென்ட் கொடுத்து நோட்டரியிடம் முத்திரை வாங்கினார். அவர் விண்ணப்பித்தது அக்டோபர் 29 அன்றுதான். 1914 அக்டோபர் 6 அன்று 1,113,149 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதிலும் வாங்கும் கருவிக்கு மட்டுமே உரிமை கோரப்பட்டிருந்தது. அலை பிறப்பிக்கும் தன்மைக்குத் தனி விண்ணப்பம். இந்தப் பிரிவு பின்னாளில் அவருக்குப் பெருங்கேடாயிற்று.

ஒரே பொருளுக்குப் பலர் உரிமை கோரினால் யார் முந்தியவர் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விசாரிக்கும். பின்னூட்டத்துக்கு நால்வர் வந்து நின்றார்கள்: ஆம்ஸ்ட்ராங், லாங்மூர், ஜெர்மனியின் டெலிஃபுங்கனைச் சேர்ந்த அலெக்சாண்டர் மைஸ்னர், டி ஃபாரஸ்ட். டி ஃபாரஸ்டின் ஆதாரம், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் அவருடைய உதவியாளர் வான் எட்டன் 1912 ஆகஸ்ட் 6 அன்று எழுதிய ஒரு குறிப்பு. தொலைபேசிப் பெருக்கி அமைக்கும் முயற்சியில் ஒரு சுற்று ஊளையிட்டது என்று அதில் இருந்தது. அந்த ஊளையை அன்று அவர்கள் தொல்லையாகவே கருதினார்கள். ரேடியோவில் அதை உடனே பயன்படுத்தவும் இல்லை. ஆயினும் தேதி ஆம்ஸ்ட்ராங்கின் முத்திரைக்கு முந்தியது.

போர் திறந்த வழி

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் கடற்படைக்கு வால்வுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. காப்புரிமை மீறல் வழக்குகளின் பொறுப்பை அரசே ஏற்கும் என்று உறுதியளித்து, செய்யத் தெரிந்த கம்பெனிகள் அனைத்தையும் செய்ய வைத்தது. சட்டம் ஒதுங்கி நின்ற அந்த ஒன்றரை ஆண்டில் வால்வு பட்டறைப் பொருள் என்ற நிலையிலிருந்து தொழிற்சாலைப் பொருளாகியது. ரேடியோ வரலாற்றில் இதற்கு உரிய கவனம் தரப்படவில்லை என்று கருதுகிறேன்.

போர் முடிந்ததும் முட்டுக்கட்டை திரும்பியது. 1919-இல் அமெரிக்க மார்க்கோனி கம்பெனியை விழுங்கி ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, அதாவது ஆர்.சி.ஏ., பிறந்தது. 1920, 1921-இல் ஜெனரல் எலெக்ட்ரிக், ஏ.டி.அண்ட்.டி., வெஸ்டிங்ஹவுஸ் ஆகியவை தத்தம் காப்புரிமைகளை ஒருவருக்கொருவர் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆம்ஸ்ட்ராங்கின் உரிமையை வெஸ்டிங்ஹவுஸ் 1920-இல் 3,35,000 டாலருக்கு வாங்கியிருந்தது. டி ஃபாரஸ்டின் உரிமைகள் ஏ.டி.அண்ட்.டி. வசம். இரண்டும் ஒரே கூட்டணிக்குள் வந்துவிட்டன.

தேதி வென்ற வழக்கு

1921-இல் நீதிபதி மேயர் ஆம்ஸ்ட்ராங் பக்கம் தீர்ப்பளித்தார். 1922-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆம்ஸ்ட்ராங் இணங்கவில்லை, இறுதி ஆணை பதிவாகாமல் நின்றது. இடையில் காப்புரிமை அலுவலக விசாரணை வழியாக வந்த வழக்கில், 1924-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டி ஃபாரஸ்டை முந்தியவராக ஏற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1928-இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது.

இங்கே காலக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் அன்று வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். ஆம்ஸ்ட்ராங்கின் காப்புரிமை 1931-இல் முடிந்துவிடும். பின்னூட்டம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். டி ஃபாரஸ்டின் காப்புரிமையோ 1941 வரை உயிரோடு இருக்கும். இரண்டையும் கையில் வைத்திருந்த கூட்டணிக்கு, ஆம்ஸ்ட்ராங்கின் ஆண்டுகள் தீர்ந்த பிறகு டி ஃபாரஸ்ட் வெல்வதில் இன்னும் பத்தாண்டு வருமானம் இருந்தது. ரேடியோ என்ஜினியரிங் லேபரட்டரீஸ் என்ற சிறு கம்பெனிமீது ஆர்.சி.ஏ. தொடுத்த வழக்கு இந்தப் பின்னணியில் எழுந்ததே. அந்தச் சிறு கம்பெனியின் தரப்பை ஆம்ஸ்ட்ராங் தம் சொந்தப் பணத்தில் நடத்தினார். 1933-இல் மேல்முறையீட்டில் வென்றார். 1934 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பு அதைத் தலைகீழாக்கியது. தீர்ப்பின் தொழில்நுட்ப விளக்கம் பிழையானது என்று ரேடியோப் பொறியாளர்கள் வருந்தினார்கள்.

அந்த மாதமே ஃபிலடெல்ஃபியாவில் ரேடியோப் பொறியாளர் கழகம் கூடியது. பின்னூட்டத்துக்காக ஆம்ஸ்ட்ராங்குக்குத் தன் முதல் பதக்கத்தை 1917-இல் அளித்த கழகம் அது. நீதிமன்றம் மறுத்த பெருமையை வைத்துக்கொள்ள மனமின்றி, பதக்கத்தைத் திருப்பித் தர ஆம்ஸ்ட்ராங் வந்தார். தலைவர் ஜான்ஸ்கி வாங்க மறுத்தார். நிர்வாகக் குழு பதக்கத்தை மறுபடி உறுதிசெய்வதாக அவர் அறிவித்ததும் அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தக் குழுவில் ஏ.டி.அண்ட்.டி., ஆர்.சி.ஏ. ஊழியர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த முடிவின் துணிவு விளங்கும். ஒரு கருவியின் வேலை முறையை விளங்கிக்கொள்வதும் கண்டுபிடிப்பின் பகுதியே என்று தொழில் தெரிந்தவர்கள் தம் பெயரில் சொன்ன இடம் அது. நீதிமன்றத் தீர்ப்பைவிட அந்தத் தீர்மானமே வரலாற்றாசிரியருக்கு நெருக்கமான சான்று என்பேன்.

தொழிற்சாலை ஆய்வகங்கள் இந்த வழக்குகளிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. குறிப்பேட்டின் பக்கங்களுக்குத் தேதியிடுவதும் சாட்சிக் கையொப்பம் வாங்குவதும் அங்கே ஒழுங்கான பழக்கமாயின. வால்வுக்கு மாற்றாக வந்த டிரான்சிஸ்டரை 1947 டிசம்பர் 23 அன்று பெல் ஆய்வகத்தில் இயக்கிக் காட்டியபோது, வால்டர் பிராட்டைன் மறுநாளே தம் குறிப்பேட்டில் உடனிருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி வைத்தார். ஆனால் ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு 1930-இல் பெற்றிருந்த ஒரு காப்புரிமை, பெல் ஆய்வாளர் வில்லியம் ஷாக்லியின் புல விளைவுக் கருத்தை மறித்துக்கொண்டு நிற்பதை பெல் வழக்கறிஞர்கள் கண்டார்கள். 1950 அக்டோபரில் வழங்கப்பட்ட முதல் டிரான்சிஸ்டர் காப்புரிமையில் பிராட்டைன், அவருடைய சக ஆய்வாளர் பார்டீன் ஆகிய இருவர் பெயர்களே இருந்தன.