பழைய பிக்கப் வண்டியும் புதிய பிரேக்கும்

தன் மோட்டார் காரின் பின்புறத்தை அறுத்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு மரப் பெட்டியைப் பொருத்திச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வழக்கத்தை அமெரிக்க விவசாயி தொழிற்சாலைகளுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தான். 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போர்டு கம்பெனியார் அந்தப் பெட்டியை எஃகினால் தாமே செய்து, தம் ‘மாடல் டி’ வண்டியுடன் இணைத்து, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். ‘பிக்கப்’ என்னும் சிறு பார வண்டி தொழிற்சாலைப் பொருளாக உலகுக்கு வந்தது இவ்வாறுதான். கார் குடும்பத்தாருக்கு உரியது. பிக்கப் பண்ணைக்கும் பட்டறைக்கும் உரியது. அதில் ஏறுபவன் வேலையாள். எனவே அவனுக்கு மெத்தை வேண்டியதில்லை, வெயில் காப்பும் வேண்டியதில்லை என்று கருதினர். உயிர்க் காப்பும் அவனுக்குப் பிற்பாடு போதும் என்னும் எண்ணம் இதனுள் மறைந்திருந்ததை எவரும் அன்று எடுத்துரைக்கவில்லை.

இன்று அவ்வண்டிகள் அமெரிக்காவில் பழம்பொருளின் மதிப்பைப் பெற்றுள்ளன. இடிந்த கொட்டகைகளிலிருந்து அவற்றை மீட்டு, துரு நீக்கி, சாலையில் ஓட்டி மகிழ்வோர் பலர். அவர்களுள் அறிவுடையோர் வண்ணம் பூசுவதற்கு முன்னர் பிரேக்கையும் மின்கம்பிகளையும் மாற்றுகின்றனர். மாற்றப்படும் ஒவ்வொரு உறுப்புக்கும் பின்னால் ஒரு சிறு சரித்திரம் உண்டு.

சான்றாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-ஆம் ஆண்டுக் கோடையில், செவ்ரலே நிறுவனம் புதிய வடிவில் ஒரு பிக்கப்பை வெளியிட்டது. உருண்ட முகமும் புடைத்த மட்கார்டுகளும் கொண்ட இவ்வண்டி 1955-இன் தொடக்கம் வரை விற்பனையில் இருந்தது. பம்பாய்வாசிகளான நம்மவர்க்கு இதில் ஓர் உறவும் உண்டு. செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாய் சிவ்ரியில் வண்டிகளை இணைத்துப் பூட்டும் ஆலையை நிறுவி, 1950-களின் நடுப்பகுதி வரை அதனை நடத்தியது. மாதுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் அமெரிக்க வண்டிகள் உருவான காலம் அது.

அந்தப் பிக்கப்பின் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். ஏறத்தாழ 90 குதிரைச் சக்தி. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஆறு வோல்ட் பாட்டரி. பெரும்பாலான வண்டிகளில் பின்புறத்து இடப்பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. வலப்பக்கத்து விளக்குக்குத் தனிக் காசு. பெட்ரோல் தொட்டியோ, சில ஆண்டுகளுக்குள் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், அறைக்கு உள்ளேயே இடம் பெற்றது. இவையனைத்தும் மண் சாலையில் மணிக்கு 35 அல்லது 40 மைல் ஓடும் வண்டிக்குப் போதுமானவையாகத் தோன்றின. ஆனால் 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 41,000 மைல் நீளத்திற்கு மாநிலங்களை ஊடறுத்துச் செல்லும் அகன்ற சாலைகள் எழலாயின. சாலை மாறியது, வண்டி மாறவில்லை. வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பழைய பிக்கப்பின் துன்பமெல்லாம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஆகவே பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிரம் பிரேக்கில் வளைந்த இரு ஷூக்கள் சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். நீர் புகுந்தாலோ சில கணங்களுக்குப் பிரேக் இல்லாத நிலைதான். இதற்கு மாற்றான டிஸ்க் பிரேக், சக்கரத்துடன் சுழலும் திறந்த தட்டை இரு புறமும் பற்றி நிறுத்துவது. காற்றுப் படுவதால் விரைவில் குளிரும். பர்மிங்காமில் பிரடெரிக் லாஞ்சஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமை பெற்றார். ஆயினும் 1953-இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. செவ்ரலே பிக்கப்பின் முன் சக்கரங்களுக்கு அது பொதுவான உறுப்பாக வந்தது 1971-ஆம் ஆண்டு வண்டிகளில்தான். பந்தயக்காரனுக்குக் கிடைத்தது பண்ணையாளனுக்குக் கிடைக்க 18 ஆண்டுகள் ஆயின!

டிஸ்க்கினும் முக்கியமானது ஒன்று உண்டு. கண்ணுக்குக் கவர்ச்சியற்றதாதலால் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அது மாஸ்டர் சிலிண்டர். பழைய வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒரே அறையிலிருந்து ஒரே குழாய் வழியாகச் சென்றது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் தரை வரை சென்றுவிடும். எஞ்சியது கைப் பிரேக்கும் கடவுள் துணையும். சிலிண்டரை இரு அறைகளாகப் பிரித்து, முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என அமைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை அமெரிக்கக் கார்களுள் காடிலாக்கும் ராம்ப்ளரும் 1962-இல் மேற்கொண்டன. ஜெனரல் மோட்டார்சின் பிக்கப்புகள் 1967-ஆம் ஆண்டு வண்டிகளில் பெற்றன. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர் ஒரே ஒரு மாற்றந்தான் செய்ய இயலுமென்றால், இதையே செய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. செவ்ரலேயில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருந்தது. அங்கேயே புதியதைப் பொருத்தினால், அது சக்கரத்துப் பிரேக்கைவிடத் தாழ்ந்து நிற்கும். எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடும். முதல் மிதியில் பெடல் வெறுமையாக இறங்கும். குழாயில் சிறு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்றை இடையில் வைத்தாலன்றி இக்குறை தீராது. முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் இருக்குமாயின், இரண்டுக்கும் செல்லும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் தேவை. இல்லையேல் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி ஈரச் சாலையில் திரும்பிவிடும்.

அடுத்தது இருக்கை வார். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், நியூ மெக்சிகோ பாலையில், விமானப் படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் ராக்கெட் பூட்டிய வண்டியில் தம்மை வார்களால் பிணித்துக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்று, ஒன்றரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் நிறுத்தப்பட்டார். கண்களில் குருதி கட்டியதேயன்றி உயிருக்குக் கேடில்லை. முறையாகக் கட்டப்பட்ட மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அவர் தம் உடலாலேயே மெய்ப்பித்தார். 1959-இல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் இடுப்பையும் தோளையும் ஒருங்கே பற்றும் மும்முனை வாரை அமைத்தார். அந்நிறுவனம் பிறரும் அதனைப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது.

அமெரிக்காவில் ரால்ப் நேடர் 1965-இல் எழுதிய நூல் கார் உற்பத்தியாளரைக் குற்றக் கூண்டில் நிறுத்திற்று. மறு ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் மோட்டார் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆனால் அதன்கீழ் எழுந்த விதிகளுள் பல முதலில் பயணக் கார்களை மட்டுமே கட்டுப்படுத்தின. மோதலில் ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் மார்பைத் துளைக்காமல் உள்வாங்க வேண்டும் என்னும் விதி கார்களுக்கு 1968-இல் நடைமுறைக்கு வந்தது. இலேசான பார வண்டிகளுக்கு 1981-இல் வந்தது. வேலையாளின் மார்பு 13 ஆண்டுகள் காத்திருந்தது. பழைய வண்டியில் இக்குறையைப் புதுப்பிப்பவரே தீர்த்துக்கொள்ள வேண்டும். வாரைப் பொருத்தும்போது மெல்லிய தகட்டுத் தரையில் வெறும் துளையிட்டு ஆணி முடுக்குதல் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். தகட்டின் அடியில் கனத்த எஃகுத் துண்டு வைத்து வலுவூட்டினால்தான் அது தாங்கும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆறு வோல்ட்டில் அதே விளக்கை எரிக்க, பன்னிரண்டு வோல்ட்டினும் இரு மடங்கு மின்னோட்டம் தேவை. எனவே இணைப்புகளில் சிறிது களிம்பு ஏறினாலும் விளக்கு மங்கும். செவ்ரலே பிக்கப் 1955-இன் இடையில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டர் வந்தது 1960-இல் கிரைஸ்லரின் வேலியண்ட் காரில். மெல்ல ஓடும்போதும் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வல்லது அது. பழைய பிக்கப்பின் மழைத் துடைப்பானோ எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கியது. மேட்டில் ஏற ஆக்சிலேட்டரை அழுத்தினால் துடைப்பான் களைத்து நின்றுவிடும். கொட்டும் மழையில் லாரியைக் கடக்க முற்படும் வேளையில் கண்ணாடி மறையும்! மின் மோட்டாரால் இயங்கும் துடைப்பானைப் பொருத்திய பின்னரே இத்தொல்லை ஒழிந்தது.

டயரிலும் கவனம் வேண்டும். பிரெஞ்சு மிஷலின் நிறுவனம் 1946-இல் உரிமை பெற்ற ரேடியல் டயர், பழைய டயரைப் போலச் சாலைத் தடங்களைப் பின்தொடர்ந்து வண்டியை இழுப்பதில்லை. ஆனால் பழைய ரிம் அதனைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். காட்சிக்கு நின்ற வண்டியின் டயர் பூப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் உளுத்திருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் பொறிக்கப்படும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. ஸ்டீயரிங்கில் ஆட்டம் மிகுந்திருந்தால் பலர் முன் ஆக்சிலையே வெட்டிப் புதிய அமைப்பைப் பற்றவைக்க விரைகின்றனர். கிங் பின்னையும் புஷ்ஷையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். தேர்ச்சியற்றவன் பற்றவைத்த புதிய ஆக்சிலைவிட நன்கு பழுது பார்த்த பழைய ஆக்சிலே மேல்.

பெட்ரோல் தொட்டியைப் பின்பெட்டியின் அடியில், சட்டத்தின் இரு இரும்பு விட்டங்களுக்கு இடையே இறக்கிவிடுவது இன்று வழக்கம். தொழிற்சாலையே 1973-ஆம் ஆண்டு வண்டிகளில் தொட்டியை அறையிலிருந்து வெளியேற்றியது. ஆனால் விட்டங்களுக்கு வெளிப்புறத்தில் வைத்தமையால், பக்கவாட்டு மோதல்களில் எழுந்த தீயைக் குறித்து வழக்குகள் பின்னர் நீதிமன்றம் ஏறின.

எஞ்சினைக் கடைசியில் வைத்துக்கொள்வதே முறை. முதலிலேயே வலிய எஞ்சின் ஏற்றுவோர் நிறுத்தும் வழியின்றி ஓட்டத்தைப் பெருக்குகின்றனர். பழைய எஞ்சினில் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் செல்லவில்லை. கரண்டி போன்ற உறுப்பு வாரித் தெளித்தது. நெடுநேரம் விரைந்து ஓட்டினால் அது போதாது. 1954-ஆம் ஆண்டு வண்டிகளில் எண்ணெயை அழுத்தத்துடன் ஊட்டும் எஞ்சின் வந்தது. சில சிறு மாற்றங்களுடன் முந்தைய வண்டிகளிலும் அது அமர்ந்துகொள்ளும். பின் ஆக்சிலின் 4.11 என்னும் பல்விகிதத்தைக் குறைத்தால், நெடுஞ்சாலையில் எஞ்சினின் அலறலும் தணியும்.

அசல் உறுப்புகளே வேண்டும் என்று வாதிடும் ரசிகர்களும் உளர். அவர்களுக்காகவே டைனமோவின் உருண்ட கூட்டுக்குள் ஆல்டர்நேட்டரை ஒளித்துவைத்துச் செய்யும் பொருள்கள் அமெரிக்கக் கடைகளில் விற்கின்றன. மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு 1950-ஆம் ஆண்டின் வண்டியே தென்படும். பின்புறம் வந்து நின்றால் மட்டும், இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு சிவப்பு விளக்குகள் எரியும்.