காம்ஸ்டாக்கரி

ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்டு நூல், நாடகம், ஓவியம் ஆகியவற்றின் மீது மட்டுமீறிய தணிக்கையைச் செலுத்தும் போக்கைக் குறிக்கும் இந்த அமெரிக்க ஆங்கிலச் சொல், கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து நியூயார்க்கில் துணிக்கடை ஊழியராக இருந்த அந்தோணி காம்ஸ்டாக்கின் (1844–1915) குடும்பப் பெயரிலிருந்து உருவானது. அவரது தூண்டுதலால் 1873-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஆபாசமானவை எனக் கருதப்பட்ட அச்சுப் பொருள்களோடு கருத்தடை, கருக்கலைப்பு பற்றிய தகவல்களையும் அஞ்சலில் அனுப்பத் தடை விதித்தது. அதை நடைமுறைப்படுத்த அஞ்சல் துறையின் சிறப்பு முகவராக அவரே அமர்த்தப்பட்டதால், புகார் கூறுபவரும் கைது செய்பவரும் ஒருவராகவே ஆனார்.

நியூயார்க் டைம்ஸ் 1895-இலேயே இச்சொல்லைக் கையாண்டிருந்தபோதிலும், அதைப் பரப்பியவர் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா ஆவார். தமது ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நியூயார்க் பொது நூலகத்தின் திறந்த அலமாரிகளிலிருந்து 1905-இல் அகற்றப்பட்டபோது, காம்ஸ்டாக்கரியை அமெரிக்கா உலகின் முன் தேடிக்கொண்ட நகைப்பு என்று அவர் சாடினார். அதே ஆண்டில், பாலியல் தொழிலின் பொருளாதாரத்தை ஆராயும் அவரது ‘மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்’ நாடகம் காம்ஸ்டாக்கின் எதிர்ப்புக்கு ஆளாகி நியூயார்க்கில் காவல்துறையால் நிறுத்தப்பட்டது. தடை நாடகத்திற்கு விளம்பரமாகவே முடிந்தது எனலாம். 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கருத்தடை குறித்த விதிகள் 1971-இல் நீக்கப்பட்டாலும், அதன் எஞ்சிய பகுதிகள் அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் இன்னும் உள்ளன.