தோற்றுப்போன தேத்தண்ணி

போன வருஷம் ஒரு திட்டத்தில் என்னோடு வேலை செய்தவர் ரீயூனியன் தீவுக்காரர். அவருடைய குடும்பப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். ஆனால் தமிழில் ஒரு வசனம்கூடப் பேச வராது. ஊருக்கு விடுமுறையில் போய்த் திரும்பியபோது எனக்கு ஒரு சின்னப் பை கொண்டுவந்து தந்தார். உள்ளே காய்ந்த நீட்டு இலைகள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் வனிலாவும் புதிதாக வெட்டிய புல்லும் கலந்த வாசம். "ஃபாஹாம்" என்றார். "என் பாட்டி குடிக்கிற தேத்தண்ணி."

வாசத்துக்காக ஒரு கோப்பை குடித்தேன். பிறகு அதன் கதையைத் தேடினேன். எங்கள் கதையும் அதற்குள் கொஞ்சம் கிடந்தது.

ரீயூனியன், இந்து சமுத்திரத்தில் மடகஸ்காருக்குக் கிழக்கே, மொரிசியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எரிமலைத் தீவு. 1848 வரை அதன் பெயர் பூர்போன். இப்போது பிரான்ஸின் ஒரு மாவட்டம். ஃபாஹாம் என்பது அந்தத் தீவின் ஈரமான மலைக்காட்டில் மர உடம்புகளில் ஒட்டி வளரும் ஓர்க்கிட் செடி. தாவரவியலில் அதன் பெயர் ஜூமெல்லியா ஃபிராக்ரன்ஸ். பூ வெள்ளை. ஆனால் தேத்தண்ணி போடுவது பூவில் இல்லை, இலையில்.

இலை காயக் காயத்தான் வாசம் கூடும். அதற்குக் காரணம் குமாரின் என்ற பொருள். ஃபாஹாம் இலையின் வாசம் இதுதான் என்பதை 1850-இல் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தார். 1868-இல் பெர்கின் என்ற ஆங்கிலேயர் அதை ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார். அதற்குப் பிறகு வாசனைத் திரவியக்காரருக்குக் காடும் தேவையில்லை, தீவும் தேவையில்லை. அளவுக்கு மீறினால் ஈரலுக்குக் கூடாது என்பதால் 1954-இல் அமெரிக்கா உணவில் குமாரின் சேர்ப்பதைத் தடை செய்தது. நானும் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இந்த இலைக்கு மதிப்பு இருந்தது. ஜோர்ஜ் சாண்ட் 1832-இல் எழுதிய 'இந்தியானா' நாவலில் ஃபாஹாம் வருகிறது. கதாநாயகி பூர்போன் தீவில் வளர்ந்தவள். பிரான்ஸின் குளிரில் இருந்துகொண்டு தன் தீவின் இலையைக் குடிக்கிறவள். நாங்கள் குளிர்நாட்டில் இருந்துகொண்டு ஊர் மல்லித்தண்ணியைத் தேடுகிற மாதிரித்தான்.

1860-களில் பரிஸில் இதைச் சீனத் தேயிலைக்குப் பதிலாக விற்கப் பார்த்தார்கள். தேயிலை நித்திரையைக் கெடுக்கும், இது கெடுக்காது என்பது அவர்களுடைய விளம்பரம். போடும் முறையும் வேறு. கொதிநீரை ஊற்றக்கூடாது. இலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடி, பத்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். பிறகு சீனி. வேண்டுமானால் பால். ரம் சேர்ப்பவர்களும் உண்டு.

அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. ஏன் என்று யோசிக்கும்போது எனக்குள் இருக்கும் பொறியியலாளருக்கு உடனே ஒரு பதில் வருகிறது: உற்பத்தியைப் பெருக்க வழியில்லை. தேயிலைச் செடியை மலைச்சரிவில் வரிசையாக நட்டு, இடுப்பளவில் வெட்டி, வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கலாம். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். ஃபாஹாம் அப்படி இல்லை. நிழல் வேண்டும், பாசி பிடித்த மரம் வேண்டும், ஈரம் வேண்டும். வளர்வதும் மெதுவாகத்தான். காட்டில் ஏறித் தேடித்தான் பறிக்க வேண்டும். பறித்த இடத்தில் அடுத்த மாதம் ஒன்றும் இராது.

அதே தீவில் இன்னோர் ஓர்க்கிட் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். வனிலாவும் ஓர்க்கிட்தான், ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்தது. தீவில் அது காய்க்காமலே நின்றது. 1841-இல் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியால் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வழியைக் காட்டினான். இன்றும் உலகம் முழுக்க அந்த முறைதான். வந்த செடிக்கு வழி கிடைத்தது. சொந்தக் காட்டுச் செடிக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கம். பரிஸ்காரர் ஃபாஹாம் விற்க முயன்ற அதே பத்தாண்டில், 1867-இல், இலங்கை மலைநாட்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொஞ்சக் காலத்தில் கோப்பிச் செடிகளை நோய் அழித்தது. தேயிலை மலை முழுக்கப் பரவியது. அதைப் பறித்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர்கள்.

ரீயூனியனில் 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றினார்கள். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் அவ்வளவு மோசமாக இருந்ததால், 1882-இல் பிரித்தானிய அரசே இந்தியாவிலிருந்து அங்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஒரே ஊர்களின் மக்கள். சிலர் உலகம் குடிக்கும் தேத்தண்ணியைப் பறிக்கப் போனார்கள், சிலர் உலகம் மறந்த தேத்தண்ணி வளரும் காட்டின் அடிவாரத்தில் கரும்பு வெட்டினார்கள்.

ரீயூனியனில் அவர்களுடைய பிள்ளைகளை 'மல்பார்' என்கிறார்கள். வீட்டுப் பேச்சு கிரியோல் ஆகிவிட்டது. ஆனால் செடிப் பெயர்கள் தப்பிவிட்டன. கறிவேப்பிலை அங்கே 'கலுப்பிலே'. முருங்கை 'முரும்'. தொட்டுக்கொள்ளும் 'ரூகாய்' எங்கள் ஊறுகாய்தான். கப்பலில் கொண்டுபோன பெயர்கள் இவை. ஃபாஹாமுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் இல்லை, எங்கள் ஊரில் அது இல்லாதபடியால்.

இப்போது தீவில் ஃபாஹாமை அதிகம் பார்ப்பது ரம் போத்தலுக்குள் ஊறும் இலையாகத்தான். ஆசைப்பட்டுப் பறித்தே காட்டில் குறைத்துவிட்டார்கள். 2007-இல் மலைக்காடு தேசியப் பூங்காவானது, அதன் மையப் பகுதியில் செடி பறிக்கத் தடை. சிலர் நிழல் மரங்களின் கீழ் வளர்க்கப் பார்க்கிறார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் 'முரும்' தமிழ்ச் சொல் என்பதை நம்பவே இல்லை. அம்மாவுக்கு அழைப்பெடுத்து, முருங்கை இலைக்கறிக்கு என்ன சொல்கிறோம் என்று என் முன்னால் கேட்கச் சொன்னேன். ஒலிபெருக்கியில் அம்மா இரண்டு தரம் சொன்னார். நண்பர் என்னைப் பார்த்து, "நீ இன்னொருமுறை சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டானா என்று கேட்டார்.