கிச்சன் வேலை பாதியில் நிற்குதா? முன்பணத்தை மீட்க வழி இருக்கு

மாகறல் போன்ற ஊர்களில் கொத்தனார், டைல்ஸ்காரர், பிளம்பர் எல்லாரிடமும் பேச்சு வாய்வார்த்தைதான். முன்பணம் வாங்கியவர் அடுப்பு மேடையை உடைத்துப் போட்டுவிட்டு திரும்ப வரவே இல்லைன்னா என்ன செய்வது?

வேலையை மொத்தமாக காண்ட்ராக்ட் விட்டிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் 1915 உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

தினக்கூலி கொடுத்து வீட்டுக்காரரே நின்று வேலை வாங்கினால் கதை வேறு. அது பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது.

ஆதாரம்? வெள்ளைத்தாளில் அளவு, கூலி, முடிக்கும் தேதி எழுதி கையெழுத்து வாங்குங்க. பணத்தை ஜிபேயில் அனுப்பினால் அதுவும் ஆதாரம்தான். உடைந்த மேடையை போட்டோ எடுத்த பிறகே வேறு ஆளைக் கூப்பிடுங்க.