காசநோய் மருந்தும் பேசத் தயங்கும் நாவும்

திம்புள்ளையின் வரலாற்றை எழுதுவோர் தேயிலையை எழுதுவர். 1869இல் இலங்கையில் தோன்றிக் கோப்பியை அழித்த இலைநோயை எழுதுவர். அந்த மலைகளில் நிலவிய அச்சத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. பெரட்டுக் களத்தில் துரையின் முன் தொழிலாளிக்கு வாய் இருக்கவில்லை. அவருக்காகப் பேசியவர் கங்காணி. 1936இல் அட்டனிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற கோ. நடேசய்யரும், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் புகுந்த சி.வி. வேலுப்பிள்ளையும் அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள்.

அந்த அச்சம் நோயன்று. அதற்குக் காரணம் வெளியே இருந்தது. ஆனால் அதட்ட எவருமில்லாத இடத்திலும் நாலு பேர் முன் எழுந்தால் நெஞ்சு படபடத்து, பேச்சற்று, பாடசாலையையும் வேலையையும் கைவிடுவோர் உண்டு. உளமருத்துவர்கள் இதனைச் சமூகப் பதகளிப்பு என்பர். அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இலேயே இதனைத் தனிநோயாக ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால், நோயாளியைக் கூச்சக்காரர் என்று ஒதுக்குவோம். அல்லது அநீதிக்கு மாத்திரை தேடுவோம்.

இந்நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அஞ்சும் செயலைச் சிறிது சிறிதாகச் செய்யவைத்து, நினைத்த கேடு நிகழவில்லை என்பதை மனம் தானே கற்கும்படி செய்வதே அதன் உள்ளீடு. அக்கல்வியை மருந்தால் வலுப்படுத்தலாமா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் கையில் எடுத்தது ஒரு பழைய காசநோய் மருந்தை! அதன் பெயர் சைக்ளோசெரின். 1950களில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. அதை உண்ட காசநோயாளர் சிலரின் மனநிலையும் மாறியதை அக்காலத்திலேயே மருத்துவர்கள் குறித்து வைத்தனர்.

மூளையில் கற்றலுக்குத் துணைபுரியும் ஏற்பிகளை இம்மருந்து சற்றே தூண்டுகிறது. 2002இல் மைக்கேல் டேவிசின் குழுவினர், எலிகள் பழைய அச்சத்தை விடுவதை இது விரைவுபடுத்துவதாகக் காட்டினர். 2004இல் உயரத்துக்கு அஞ்சிய 28 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. 2006இல் பொஸ்டனில் ஸ்டெபான் ஹொஃப்மன் சமூகப் பதகளிப்புள்ள 27 பேரிடம் சோதித்தார். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு 50 மில்லிகிராம். காசநோய்க்குத் தரும் நாளளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதிலும் குறைவு. மருந்து பெற்றோர் போலிமாத்திரை பெற்றோரைவிடக் கூடுதலாகத் தேறினர். பத்திரிகைகள் இத்தகைய செய்திகளை எவ்வளவு ஆவலோடு வரவேற்கும் என்பதை நானறிவேன்.

2013இல் 169 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அந்த ஆவலைத் தணித்தது. மருந்து பெற்றோர் விரைவாக முன்னேறினர். ஆனால் சிகிச்சை முடிவில் குணமடைந்தோர் விகிதத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. 2017இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் கிடைத்தது சிறு பயனே.

இவற்றினிடையே வெளிப்பட்ட இன்னொரு செய்திதான் என்னைச் சிந்திக்க வைக்கிறது. பயிற்சி முடிகையில் அச்சம் தணிந்திருந்தவர்களுக்கே மருந்து உதவியது. அச்சம் தணியாமல் எழுந்து சென்றவர்களுக்கு உதவவில்லை. கெடுதலாகவும் அமையக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. காரணம் எளிது. மருந்து துணிவைத் தருவதில்லை. அன்று கற்றதை ஆழப் பதிக்கிறது. கற்றது துணிவாயின் துணிவு பதியும். அவமானமாயின் அவமானமே பதியும்.

ஆகவே இம்மருந்தைக் கடையில் தேடாதீர்கள். இந்நோய்க்கு இது வழக்கமான சிகிச்சையன்று. மலையகத்துக்கு முதலில் வேண்டியது தமிழில் பேசும் உளவளத்துணையாளரும் உளமருத்துவரும். அடுத்து வேண்டியது, வகுப்பில் நாக்குழறும் பிள்ளை முதன்முறை எழுந்து பேசும்போது சிரிக்காத ஆசிரியர். அதற்கு மாத்திரை தேவையில்லை. அது இல்லாத இடத்தில் எந்த மாத்திரையும் போதாது.